ஐம்பதாம் நம்பர் டீசல்

புனேயில் ஔந்த் பகுதியில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்ரோல் பம்பில் என் வீட்டுக்காரருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. டென்சிட்டி காகா, அதாவது அடர்த்தி மாமா. டீசல் போடுவதற்கு முன்னால் அதன் அடர்த்தியை அளந்து காட்டச் சொல்லி வாடிக்கையாளர் கேட்கலாம். அந்த உரிமையைப் புனேயில் ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்காத மனிதர் அவர் ஒருவராகத்தான் இருக்கும். எங்கள் வண்டி உள்ளே திரும்பும்போதே பம்ப் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "ஆலா ரே, டென்சிட்டி காகா ஆலா" என்று, வந்துவிட்டார் என்ற அர்த்தத்தில், ஒருவர் மராத்தியில் முணுமுணுப்பார், இன்னொருவர் அவசரமாக டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். பின்னால் நிற்கும் வண்டிகள் ஹாரன் அடிக்கும். நான் வெயிலுக்குக் கட்டுவது போல துப்பட்டாவை முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, யாரோ ஒருவர் வண்டியில் ஏறி வந்தவள் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

அவருடைய தொழில் அப்படி. புனேயிலேயே கட்கியில் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்து வளர்ந்து, இன்ஜினியராகி, இன்ஜின்களைச் சோதிக்கும் ஆய்வுக்கூடம் ஒன்றில் சேர்ந்து, அங்கேயே ஓய்வும் பெற்றவர். புகைக்குழாய் வழியாக என்ன வெளியே வருகிறது என்று பார்ப்பதிலேயே அவர் காலம் போயிற்று. டீசலில் கந்தகம் குறைய வேண்டும், அது குறைந்தால்தான் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளாது, அது அடைத்துக்கொள்ளாவிட்டால்தான் ஊருக்கு நல்ல காற்று. நான் கோயம்புத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் இந்த மனிதர் என்னிடம் முதன்முதலாக மனம்விட்டுப் பேசிய விஷயம் கந்தகம்தான். நான் என்னத்தைச் சொல்ல.

இவ்வளவு படித்த மனிதர் ராகு காலத்தில் செருப்பை மாட்ட மாட்டார். கேட்டால், "அது வேற, இது வேற" என்பார். ஆய்வுக்கூடத்துக்குக்கூட திங்கட்கிழமைகளில் ஏழரைக்கு முன்னாலேயே கிளம்பிப் போய் வாசலில் காத்திருப்பார். மகன் பள்ளிக்கூடம் போன நாட்களில் பரீட்சை அட்டவணை வந்ததும் வீட்டில் முதல் வேலை, எந்தெந்த நாள் எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவது என்று இவர் முடிவு செய்வது. இதில் இவரை நானும் மகனும் எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறோம். சிரித்துக்கொள்வாரே தவிர, மாறமாட்டார்.

மகன் ஒரே பிள்ளை. அவனும் அப்பாவைப் போலவே இன்ஜின் படித்தான், புனேயிலேயே ஒரு டீசல் இன்ஜின் கம்பெனியில் சேர்ந்தான். இவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றிரண்டு வருடத்தில் அவன் அதை விட்டுவிட்டு, சூரிய ஒளியில் தண்ணீர் இறைக்கும் பம்புகளைப் பொருத்தும் வேலைக்குப் போகிறேன் என்றான். அதோடு விட்டிருக்கலாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "அப்பா, இன்னும் பத்து வருஷத்துல உங்க லேப் மியூசியம் ஆயிடும்" என்று விளையாட்டாகச் சொன்னான். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். அன்றைக்கு நின்ற பேச்சுதான். அதன்பிறகு இருவரும் என் வழியாகத்தான் பேசினார்கள். "அவன்கிட்ட சொல்லு" என்பார் இவர். "அப்பாகிட்ட சொல்லிடுங்கம்மா" என்பான் அவன். நடுவில் நான் ஒரு தபால்பெட்டி.

அவனுக்கு நமீபியாவில் வேலை கிடைத்துப் போன அன்றைக்கும் இவர் லோஹேகாவ் விமான நிலையத்துக்கு வரவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார். நாங்கள் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது மட்டும் உள்ளேயிருந்து குரல் வந்தது. "இன்னிக்கு செவ்வாக்கிழமை. மூணு மணிக்கு முன்னாடி கிளம்பச் சொல்லு." விமானம் ராத்திரிக்குத்தான். ஆனாலும் மகன் ஒன்றும் சொல்லாமல் இரண்டரை மணிக்கே கிளம்பினான். விமான நிலையத்தில் அவனும் நானும் ராத்திரி வரை உட்கார்ந்திருந்தோம். அவன் என் தோளில் சாய்ந்துகொண்டு, "மூணு மணி கணக்கை மட்டும் விடமாட்டாருல்லம்மா" என்று சொல்லிச் சிரித்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு வருடம் கழித்து, அங்கே வேலை முடிகிறது, இடையில் விடுமுறை கிடையாது, நேரே சிலி நாட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள் என்று அவன் சொன்னபோது நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அவர் அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். "ஆப்பிரிக்காவுல யானை பாக்கப் போலாமுங்க" என்றேன். வரைபடத்தை விரித்து எந்த நாடு, எந்தப் பக்கம் என்று காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். மகன் வேலை செய்யும் இடம் அந்தப் பாதையின் கடைசியில் இருப்பது அவருக்குத் தெரியாதா என்ன? "சரி, யானை பாக்கலாம்" என்றார். நானும் யானை யானை என்றே சொல்லிக்கொண்டு பாகர்வடி என்கிற புனே பலகாரமும் புளிக்காய்ச்சலும் கட்டினேன். யானை எனக்கு ஒரு பொருட்டே இல்லை. சிலிக்குப் போவதற்கு முன் இவர்கள் இருவரும் நேருக்கு நேர் நின்று ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். புதன்கிழமை விடிகாலை கம்பெனி லாரி அவனை ஏற்றிக்கொண்டு போய்விடும். கடைசிக் கிணற்று வேலை முடியாததால் அவன் எங்களைத் தேடி வரமுடியாது. செவ்வாய்க்கிழமை பொழுது சாய்வதற்குள் நாங்கள் போய்ச் சேர வேண்டும்.

நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹூக்கில் வாடகைக்கு எடுத்தது பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி வைத்த பெரிய டீசல் வண்டி. சாவி கொடுத்தவர் டேங்க் மூடியைத் திறந்து, உள்ளே ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டினார். ஐம்பது மட்டும் என்று அதில் போட்டிருந்தது. அந்த நாட்டில் டீசல் இரண்டு வகை. கந்தகம் குறைந்தது ஐம்பது, அதிகமாக இருப்பது ஐநூறு. பெரிய ஊர்களில் இரண்டும் கிடைக்கும். ஒதுக்குப்புறமான இடங்களில் பழைய டிராக்டரும் ஜெனரேட்டரும்தான் அதிகம் என்பதால் ஐநூறுதான் சாதாரணமாகக் கிடைக்கும். புது வண்டிகளின் புகை வடிகட்டிக்கு அது ஆகாது. என் வீட்டுக்காரர் அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு, சொந்தக்காரரை வெளியூரில் பார்த்தவர் மாதிரி மலர்ந்துபோனார்.

முதல் சில நாட்கள் சுகமாகப் போயிற்று. நம் ஊர் மாதிரியே இடது பக்கம் ஓட்டும் நாடு அது. ஆளுக்குக் கொஞ்ச நேரம் ஓட்டினோம். தார் ரோடு முடிந்து சரளை ரோடு தொடங்கியதும் டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டோம். தகரக் கூரையின் மேல் ஓட்டுவது போலத் தடதடவென்று இருக்கும். மணிக்கணக்கில் எதிரே ஒரு வண்டியும் வராது. வழியெல்லாம் மான்கள் நின்றன. யானையும் பார்த்தோம், அதையும் சொல்லிவிடுகிறேன். காய்ந்த ஆற்றில் நான்கு நின்றிருந்தன. இவர் அதைப் பார்த்த நேரத்தைவிட டீசல் முள்ளைப் பார்த்த நேரம்தான் அதிகம். பாதி குறைவதற்குள் எந்தப் பம்பைப் பார்த்தாலும் வண்டியை நிறுத்தச் சொல்வார். ஐம்பது இருக்கிறதா என்று கேட்டு, பையிலிருந்து ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியை எடுத்து அதில் கொஞ்சம் பிடித்து, வெயிலுக்கு நேரே காட்டி, முகர்ந்து பார்த்து, அப்புறம்தான் டேங்கில் ஊற்றச் சொல்வார். டென்சிட்டி காகா கடல் தாண்டியும் டென்சிட்டி காகாதான்.

திங்கட்கிழமை காலையில்தான் சிக்கல் ஆரம்பித்தது. முந்தின நாள் இருட்டியபிறகு போய்ச் சேர்ந்த ஊர்தான் அந்தப் பாதையில் ஐம்பது கிடைக்கும் கடைசி ஊர் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். ஊருக்கு வெளியே ஒரு விடுதியில் தங்கியிருந்தோம். நான் விடிந்ததும் குளித்து, பெட்டிகளை வண்டியில் ஏற்றிவிட்டேன். இவர் போர்வையைச் சுற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். மணி ஏழரை ஆகியிருந்தது.

"கிளம்பலாமுங்க."

"ஒம்பது ஆவட்டும்."

எனக்கு அப்போதுதான் புரிந்தது. "ஏனுங்க, இங்கயுமா? புனேல இப்ப பதினோரு மணிங்க. அங்க ராகு காலம் எப்பவோ முடிஞ்சு போச்சு. அந்தக் கணக்குல கிளம்புங்க."

"அரே, ராகு காலம்னா அந்தந்த ஊரு சூரியனை வச்சுதான் பாக்கணும். புனே சூரியனா இங்க வந்து உதிக்குது?"

ஒன்பது மணிக்கு மேல் கிளம்பிப் பம்புக்குப் போனால், ஐம்பதின் குழாய்க்கு மேல் துணியைப் போட்டுக் கட்டியிருந்தார்கள். அங்கே வேலை செய்த பெண்மணி கைகளை விரித்தார். காலையில் ஒரு சுற்றுலாக் கூட்டம் பெரிய லாரிகளில் வந்து இருந்ததை எல்லாம் நிரப்பிக்கொண்டு போய்விட்டதாம். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருக்கக் கூடாதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அடுத்த டேங்கர் வியாழக்கிழமை வரலாம், வராமலும் போகலாம்.

நான் இவரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பிடலாம்" என்றார். "நேத்து போட்டோமே, அந்த ஊருக்குப் போனா கண்டிப்பா கெடைக்கும்."

"போயிட்டு வர ரெண்டு நாள் ஆகும். அவன் போயிடுவான்."

"அதுக்குன்னு வண்டிய கெடுக்க முடியுமா? இது நம்ம வண்டி கூட இல்ல."

எனக்கு உச்சந்தலையில் ஏறியது. இந்த மனிதர் மகனைப் பார்க்காமல் திரும்புவதற்கு ஒரு காரணம் தேடிக்கொண்டே வந்தாரோ என்று தோன்றியது. "டீசல் மேல பழியப் போடாதீங்க. பையன் மொகத்தப் பாக்கப் பயமா இருக்குதுன்னு சொல்லுங்க. நான் கேட்டுக்கறேன்" என்றேன். அந்தப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவர் மெதுவாக உள்ளே போய்விட்டார். எந்த நாட்டுக்குப் போனாலும் புருஷன் பெண்டாட்டி சண்டை தெரிந்துவிடுகிறது.

இவர் வரைபடத்தை எடுத்தார். "மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பம்ப் இருக்குன்னு போட்டிருக்கு. அங்க ஐம்பது இருந்தா போலாம். இல்லன்னா அங்கேருந்து கடற்கரை ஊருக்கு ஒரு ரோடு பிரியுது, அங்க நிச்சயமா கெடைக்கும்." அங்கிருந்து மகனிடம் போவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இருக்கிற டீசலோடு கிளம்பினோம்.

அன்று முழுக்க மலை ஏறி இறங்கினோம். ராத்திரி தங்கிய இடத்தில் புளிக்காய்ச்சலைச் சோற்றில் பிசைந்து தட்டில் வைத்தேன். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டார். மறுநாளும் அவர்தான் ஓட்டினார். மேட்டில் மிதிக்காமல், இறக்கத்தில் விட்டுவிட்டு, ஏசி போடாமல், ஜன்னலைத் திறக்காமல், ஒரு சொட்டுக்கூட வீணாகக் கூடாது என்று ஓட்டினார். எனக்குக் கோபம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, வெறும் கவலை மட்டும் மிஞ்சியது. ஐம்பது இருந்துவிட வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். எந்தச் சாமிக்கும் இப்படி ஒரு வேண்டுதல் போயிருக்காது.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு மேல் அந்தப் பம்பை அடைந்தோம். ஒரு தகரக் கடை, நாலைந்து ஆடு, ஒரே ஒரு குழாய். குழாயில் கறுப்புப் பெயின்டில் ஐநூறு என்று எழுதியிருந்தது. அதற்கு அப்பால் ரோடு இரண்டாகப் பிரிந்தது. இடது பக்கம் போனால் கடற்கரை ஊர், அங்கே ஐம்பது கிடைக்கும், அதுவரை போக டேங்கில் இருப்பது போதும். வலது பக்கம் போனால் மகன். அதற்குப் போதாது.

நான் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். நேற்றே சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. இனி இழுத்துக்கொண்டு போய் நிறுத்தினால் அந்தச் சந்திப்புக்கு அர்த்தம் இல்லை. அவராகப் போனால்தான் உண்டு.

அவர் இறங்கினார். பம்ப்காரரிடம் சைகை காட்டிப் புட்டியில் கொஞ்சம் பிடித்தார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"எப்படிங்க இருக்குது?" என்றேன், பொறுக்க முடியாமல்.

"தண்ணி இல்ல, தூசி இல்ல. சுத்தமாத்தான் இருக்கு. கந்தகம் கண்ணுக்குத் தெரியாதே."

புட்டியை மூடினார். டேங்க் மூடியைத் திறந்தார். உள்ளே ஒட்டியிருந்த காகிதத்தை, மனப்பாடமாகத் தெரிந்ததுதான், மறுபடியும் படித்தார். இடது பக்க ரோட்டைப் பார்த்தார். ஓய்வு பெற்ற அன்று ஆய்வுக்கூடத்திலிருந்து பூங்கொத்தோடு வந்து எங்கள் வீட்டு வாசலில் இப்படித்தான், உள்ளே வரத் தோன்றாமல், நின்றார். அவருக்கு வயதாகிவிட்டது என்று அந்த வெயிலில்தான் எனக்கு முழுசாகத் தெரிந்தது. பாவமாக இருந்தது.

பிறகு பம்ப்காரரைப் பார்த்து, "ஃபுல்" என்றார்.

டீசல் இறங்கும் சத்தம் கேட்டது. அவர் குழாயைப் பார்க்கவில்லை, எதிரே ஆடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். என் கண் தானாக வண்டியின் கடிகாரத்துக்குப் போயிற்று. மூன்றரை. செவ்வாய்க்கிழமை. நட்ட நடு ராகு காலம். அவர் ஏறி உட்கார்ந்ததும் ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டும் என்று, "புனேல இப்ப ஏழு மணிங்க, அங்க எப்பவோ..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்" என்றார். "இங்கதான் சூரியன் இருக்கு. பெல்ட்டப் போடு."

வண்டியை வலது பக்கம் திருப்பினார்.

வழி நெடுக அவர் காது இன்ஜின் மேலேயே இருந்தது. சிவப்பு விளக்கு எதுவும் எரியவில்லை. ஒரு டேங்க் ஐநூறால் வடிகட்டி அங்கேயே செத்துவிடாது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் வேறு யார் அப்படிச் சொல்லியிருந்தாலும் அவர் விட்டிருக்க மாட்டார். நான் பாகர்வடிப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினேன். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

வெயில் மஞ்சளாகும்போது தூரத்தில் சூரியத் தகடுகள் தெரிந்தன. அவற்றுக்குக் கீழே ஒரு தொட்டி, தொட்டியைச் சுற்றி மாடுகள், ஒரு கூடாரம். கூடாரத்திலிருந்து மகன் ஓடிவந்தான். கறுத்து, இளைத்து, தாடி விட்டிருந்தான். முதலில் என்னைக் கட்டிக்கொண்டான். அப்புறம் அவன் கைகள் கீழே இறங்கின. அப்பாவும் மகனும் வண்டியின் மூக்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றார்கள். ஒருவர் டயரைப் பார்த்தார், ஒருவன் கண்ணாடியைப் பார்த்தான். இவ்வளவு தூரம் வந்து இப்படி நிற்கிறார்களே என்று இருந்தது எனக்கு.

எங்கள் வீட்டில் வளர்ந்த பிள்ளை வேறு எதைக் கேட்பான்? என்னைப் பார்த்துத்தான் கேட்டான். "இந்தப் பக்கம் எங்கயுமே ஃபிஃப்டி கிடைக்காதேம்மா. எப்படி வந்தீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. தபால்பெட்டி வேலையை அன்றோடு விட்டேன்.

இவர் தொண்டையைச் செருமினார். "கெடைக்கல. ஐநூறுதான் போட்டேன்."

மகன் தலையைத் தூக்கினான். "ஐநூறா?"

"ம்."

"நீங்களா?"

"நான்தான். அந்த ரோடு பிரியற எடத்துல. மூணரை மணிக்கு."

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்தினான். மனதுக்குள் கிழமையை எண்ணுகிறான் என்று எனக்குத் தெரிந்தது.

"இன்னிக்கு செவ்வாக்கிழமைப்பா" என்றான்.

"தெரியும்" என்றார் இவர்.

அவன் வண்டியைச் சுற்றி வந்து அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான். பையை வாங்கிய கை அவர் கையை விடவில்லை. இவரும் விடுவித்துக்கொள்ளவில்லை. இன்னொரு கையால் அவன் தாடியை லேசாக இழுத்து, "இது என்னடா?" என்றார். பிறகு தகடுகளை அண்ணாந்து பார்த்தார்.

"பம்ப் எங்க இருக்கு? காட்டு" என்றார்.

இருவரும் தொட்டியைப் பார்த்து நடந்தார்கள். மகன் கையை நீட்டி நீட்டி எதையோ விளக்கினான். தொட்டிக்குப் பக்கத்தில் போனதும் இவர் பையைத் திறக்கச் சொல்லி, அந்தக் கண்ணாடிப் புட்டியை எடுத்து, டீசல் வாடை போகக் கழுவி, குழாயிலிருந்து கொஞ்சம் தண்ணீர் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.